மேலே ஆள் இருக்குது

கரண்டு கம்பத்து மேல ஆள் ஏறியிருந்தா அந்த அக்காவால தாண்டிப் போக முடியாது. நின்னுடுவாங்க. பையில மீன் இருக்கட்டும், கையில மாத்திரை இருக்கட்டும், பஸ்சுக்கு நேரமாவட்டும், அவன் இறங்கி செருப்பை மாட்டற வரைக்கும் அங்கயே நிப்பாங்க. பேச்சு கீச்சு ஒண்ணும் கிடையாது. மேல இருக்கறவன் எரிச்சலாகி இன்னாம்மா வேணும்னு கேப்பான். உனக்கு இன்னா, நீ உன் வேலயப் பாருன்னுவாங்க. அவன் இறங்கினதும் தன்பாட்டுக்குக் கிளம்பிடுவாங்க.

திண்டிவனத்துல பாதிப் பேரு அவங்களை மரை கழண்டவங்கன்னுதான் நெனச்சாங்க. நானும் கொஞ்ச நாள் அந்தப் பாதியிலதான் இருந்தேன். எனக்கு மரக்காணம் ரோட்டுல ஒயர், ஸ்விட்ச், பேட்டரி விக்கற கடை. கடை தொறந்த புதுசுல ஒரு மத்தியானம் கரண்டு போச்சு. வாசல்ல இருந்த ஜெனரேட்டரை ஓட்டிட்டு உள்ள வந்து உக்காந்தேன். முந்தானை பூரா மல்லாட்டைத் தூசியோட ஒரு பொம்பள உள்ள நுழைஞ்சாங்க. மல்லாட்டை குடோன்ல வேர்க்கடலை பொறுக்கற வேலை செய்யறவங்க, பல்பு கில்பு வாங்க வந்திருப்பாங்கன்னு பாத்தா, நேரா மீட்டர் பொட்டிக்குப் போயி அங்க இருந்த கைப்பிடிய எட்டிப் பாக்கறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். யாரும்மா நீ, எவன் கடையில வந்து எதைத் தொடறன்னு கத்திட்டேன். அவங்க அசரவே இல்ல. சரியாத்தான் போட்டுக்கீற, தெனிக்கும் இப்படியே போடு தம்பின்னுட்டுப் போயிட்டாங்க.

அந்தக் கைப்பிடி இன்னான்னு இங்கயே சொல்லிடறேன். ஜெனரேட்டர் ஓட்டறதுக்கு முன்னாடி அதைத் திருப்பணும். திருப்பினாதான் வீடு தெரு லைன்ல இருந்து பிரியும். திருப்ப மறந்துட்டா நம்ம ஜெனரேட்டர் கரண்டு நம்ம வீட்டோட நிக்காது. ஒயர் வழியா வெளிய ஓடி, செத்துக் கிடக்கற லைனுக்கு உசிரு குடுத்துடும். லைன்ல கரண்டு இல்லன்னு நம்பி மேல ஏறினவன் அதுலதான் கை வெப்பான்.

அக்காவோட வூட்டுக்காரர் அப்படித்தான் போனாரு. தொண்ணூத்தி மூணுல. நிரந்தர லைன்மேன்கூட இல்ல, ஒப்பந்தக் கூலி. காத்து மழையில அறுந்துபோன லைனைக் கட்டறதுக்கு வளவனூர் பக்கம் ஒரு கம்பத்துல ஏறியிருந்தாரு. கொஞ்ச தூரத்துல ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. உள்ள ஒரு பொண்ணு வலியில துடிச்சுக்கினு கிடக்குது, கரண்டு இல்ல. அங்க வேலை பாத்த ஆளு ஓடியாந்து ஜெனரேட்டரை ஓட்டினான். கைப்பிடிய மறந்துட்டான். அவ்ளோதான் கதை. குழந்தை நல்லபடியா பொறந்துச்சாம்.

இதை எத்தினியோ தடவை அக்கா எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒரு தடவைகூட அந்த ஆளைத் திட்டி நான் கேட்டதில்ல. திட்டறதெல்லாம் நான்தான். அவன் கெட்டவன் இல்ல தம்பி, அவசரத்துல இருந்தான், அவசரத்துல கை மறந்துடும்னுவாங்க. பள்ளிக்கூடம் தொறக்கற மாசத்துல ஒரு நாள் கடைக்கு வந்தவங்க, அந்தக் குழந்தை இந்நேரம் எத்தினாவது படிக்குமோன்னு கேட்டாங்க.

அவங்களை அரிச்ச விஷயம் வேற. அன்னிக்குக் கம்பத்துக்குக் கீழ யாரும் இல்ல. கூட வந்தவன் ஒயர் எடுக்கப் போயிட்டான். கீழ ஒருத்தர் நின்னிருந்தா ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் இறங்குடான்னு கூவியிருப்பாங்க. அதுக்காகத்தான் ஊர்ல எந்தக் கம்பத்துல எவன் ஏறினாலும் இவங்க போயி நிக்கறது.

இந்த நிக்கற புத்தியால பட்ட பாடு கொஞ்சமில்ல. ஒரு தடவை அவங்க தம்பி பொண்ணுக்கு விழுப்புரத்துல நிச்சயம். சரக்கு எடுக்க நானும் அதே பஸ்சுல போய்க்கினு இருந்தேன். பட்டுப்புடவை, மடியில சீர்த்தட்டு, ஜோராத்தான் உக்காந்திருந்தாங்க. கூட்டேரிப்பட்டு தாண்டினதும் கரும்புக் கொல்லை நடுவுல ஒரு கம்பத்துல ஒத்தை ஆளு தொங்கிக்கினு இருந்தான். அக்கா எழுந்துட்டாங்க. வயித்தைக் கலக்குதுன்னு கண்டக்டர்கிட்ட புளுகி, பஸ்ஸை நிறுத்தி, தட்டோட இறங்கிட்டாங்க. ஜன்னல் வழியா நான் கூப்புட கூப்புட திரும்பிக்கூடப் பாக்கல. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப மோதிரம் மாத்தி, பந்தி முடிஞ்சு, பந்தலைப் பிரிச்சுக்கினு இருந்தாங்களாம். தம்பிக்காரன் ரொம்ப நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. பின்ன பேசுவானா? அக்காவுக்கு அதுல வருத்தம் ஒண்ணுதான், பிரியாணி ஆறிப்போச்சாம்.

அவங்களுக்கு ஒரே பையன். அப்பன் போனப்ப தவழற வயசு. தங்கமான புள்ள, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. வளர்ந்ததும் கரண்டு வேலைக்குத்தான் போவேன்னு நின்னான். அப்பன் ரத்தம், வேற எங்க போவும்? அக்கா சோறு தண்ணி இல்லாம படுத்துக்கிட்டாங்க. எந்த வேலைக்கு வேணா போ, கம்பம் மட்டும் ஏறாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவனும் சரின்னு கல்லு உடைக்கற கிரஷருக்குப் போனான். வருஷக்கணக்கா அந்தப் புழுதியத் தின்னான். கம்பம் வேணாம்னு சொல்லி கல்லுக்கு அனுப்பினாங்க, கல்லு அவன் நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. இருபத்தஞ்சு வயசு ஆவறதுக்குள்ள நாலு படி ஏற முடியல. புதுச்சேரி ஆஸ்பத்திரியில பாத்துட்டு, நுரையீரல் கல்லாட்டம் ஆயிடுச்சு, இனிமே மெஷின் வெச்சுத்தான் மூச்சுன்னுட்டாங்க.

காத்தை இழுத்து அதுல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சு மூக்குக் குழாயில விடற மெஷின் அது. ராவும் பகலும் ஓடணும். ஓடறதுக்குக் கரண்டு வேணும். அந்த வருஷங்கள்ல நம்ம ஜில்லாவுல கரண்டு இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். சென்னையில ஒரு மணி நேரம் போனா பேப்பர்ல போடுவான். இங்க ஒரு மணி நேரம் சேர்ந்தாப்போல வந்தா நாங்க அதிசயமாப் பாப்போம். கரண்டு போனா மெஷினுக்குன்னு என் கடை பேட்டரி ஒண்ணு, பேட்டரியும் தீந்தா மூச்சுக்குன்னு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். பேட்டரி முழுசா ஏற விட்டாத்தானே? ஏறிக்கினு இருக்கும்போதே மறுபடி போயிடும். அதுக்கு மேல, ராப்பகலா மெஷின் ஓடி பில்லு எகிறி, சலுகை விலையும் போச்சு. மல்லாட்டை பொறுக்கற கூலியில எதைன்னு கட்டுவாங்க?

அப்பதான் வீட்டுக் கூரையில சோலார் போடலாம், சலுகை உண்டுன்னு அரசாங்கம் சொல்ல ஆரம்பிச்சது. பகல்ல பேனல்ல வர்ற கரண்டு வீட்டுக்கு ஓடும், மிச்சம் தெரு லைனுக்குப் போவும், போனதை பில்லுல கழிச்சுக்குவாங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு இடத்துல இடிச்சது. தெரு லைன் நின்னா சோலாரும் தானா நின்னுடணும்னு விதி. வெயில் மண்டையப் பொளந்தாலும் சரி, லைன்ல கரண்டு இல்லன்னா கூரை மேல இருக்கற பேனல் சும்மா காஞ்சுக்கினு கிடக்கும். யாராவது மேல ஏறியிருப்பான் இல்ல, அதுக்குத்தான்.

மின்சார விலையும் விதியும் தீர்மானிக்கற ஆணையத்துக்காரங்க அது சம்பந்தமா ஜனங்ககிட்ட கருத்துக் கேக்க விழுப்புரத்துக்கு வந்தாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல கூட்டம். நான் அக்காவை வலுக்கட்டாயமா கூட்டிக்கினு போனேன். போற வழியெல்லாம் சொல்லிக் குடுத்தேன். கரண்டு போனாலும் சோலார் ஓடறாப்போல விதிய மாத்துங்கன்னு கேளுங்க, வீட்டுக்கு ஒரு கைப்பிடி வெச்சுக்கறோம்னு சொல்லுங்க, புள்ள நிலைமைய எடுத்துச் சொல்லுங்க, நாங்க நூறு பேரு கத்தறதும் சரி நீங்க ஒருத்தர் பேசறதும் சரின்னேன். அக்கா ம்னாங்க.

மண்டபத்துல கூச்சல். கரும்பு போட்டவங்க பம்புசெட்டுக்குக் கரண்டு வரலன்னு கத்தினாங்க. பட்டறை வெச்சிருந்தவங்க மெஷினையெல்லாம் எடைக்குப் போட்டுடவான்னு கேட்டாங்க. ஒரு பெரியவர் கேஸ் அடுப்பு சிலிண்டர் விலையப் பத்திப் பேச ஆரம்பிச்சு, அது இங்க இல்ல பெரியவரேன்னு உக்கார வெச்சாங்க. நானும் பேசினேன். சூரியன் குடுக்கற கரண்டை நிறுத்தச் சொல்ல நீங்க யாருன்னு கேட்டேன். கைதட்டல் பலமா வந்துச்சு. அப்பால அக்காவைக் கூப்பிட்டாங்க. மைக்கு அவங்க உசரத்துக்கு மேல இருந்துச்சு. யாரோ வந்து இறக்கி வெச்சாங்க.

"ஐயா, எம்புள்ள மெஷின்லதான் மூச்சு வாங்கறான். கரண்டு போனா எனக்கு உசிரு போயி உசிரு வருது. இருந்தாலும் சொல்றேன். லைன் நின்னா கூரை மேல இருக்கறதும் தானா நிக்கணும். நான் கைப்பிடி வெக்கறேன், மறக்காம திருப்பறேன்னு யாரு வந்து சொன்னாலும் ஒத்துக்காதீங்க. மனுசன் கைய நம்பிக் கம்பத்துல ஆளை ஏத்தாதீங்க."

மண்டபமே உஸ்ஸுன்னு சீறுச்சு. கரண்டு போர்டு ஆளுங்க கூட்டியாந்த பொம்பளன்னு பின்னாடி ஒருத்தன் சொன்னான். எனக்குத் தலையில இடி விழுந்தாப்போல இருந்துச்சு. மேடையில நடுவுல உக்காந்திருந்தவர், உங்களுக்குன்னு வேற ஏதாவது கேக்கணுமாம்மான்னாரு. கரண்டை நிறுத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு நிறுத்துங்க ஐயான்னாங்க அக்கா. எழுதிக்கிட்டாரு. அந்த விதி கடைசியில அப்படியேதான் இருந்துச்சு. அக்கா பேசினதாலதான்னு நான் கதை விட மாட்டேன். உலகம் பூரா அதுதான் விதியாம்.

திரும்பி வர்ற பஸ்சுல விக்கிரவாண்டி வரைக்கும் அடக்கிக்கினு வந்தேன். அதுக்கு மேல முடியல. உங்களுக்குக் கம்பத்துல தொங்கறவன்தான் பெருசு, பெத்த புள்ள பெருசு இல்லன்னு கேட்டுட்டேன். அக்கா ஜன்னல் பக்கம் பாத்துக்கினு இருந்தவங்க திரும்பினாங்க. கோவமெல்லாம் இல்ல மூஞ்சியில.

"எம்புள்ள மூச்சுக்குத் திணறும்போது எனக்குக் கைப்பிடி ஞாபகம் வருமா தம்பி? நீயே சொல்லு."

ஊர் வர்ற வரைக்கும் பஸ்சுக் கம்பியப் புடிச்சுக்கினு வந்தேன்.

பில்லுக்காவது ஆவட்டும்னு அவங்க கூரையில நான்தான் பேனல் போட்டேன். போட்டதோட விட்டனா? சோலார் பொட்டிய ஏமாத்த ஒரு வழி இருக்குது. பேட்டரி கரண்டைக் காட்டினா, லைன் உசிரோட இருக்குதுன்னு நம்பி அது ஓட ஆரம்பிச்சுடும். அதுக்கு ஒரு ஸ்விட்ச். பக்கத்துலயே வீட்டைத் தெரு லைன்ல இருந்து பிரிக்க ஒரு கைப்பிடி. முதல்ல கைப்பிடி, அப்பால ஸ்விட்ச். விதிப்படி தப்புதான். ஊர்ல பாதிப் பேரு பண்ணிக்கினு இருந்தாங்க. அக்கா குடோனுக்குப் போயிருந்தப்ப அந்தப் பலகைய சுவத்துல மாட்டிட்டேன். வேலை விட்டு வந்தவங்க பாத்தாங்க. கழட்டுன்னாங்க. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒண்ணும் எடுபடல. கழட்டினேன். சுவத்துல ரெண்டு ஆணி ஓட்டை மட்டும் நின்னுச்சு. கட்டில்ல சாஞ்சிருந்த பையன் மூக்குக் குழாயோட சிரிச்சான். "விடுண்ணே. எங்கம்மாவுக்கு மூத்த புள்ள கம்பத்து மேல கீறான். நான் இளையவன்தானே"ன்னான். சிரிச்சதுல இருமல் வந்து, அது அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

அன்னிக்கு சித்திரை வெயில். காலையில நிறுத்தவேண்டிய கரண்டை நிறுத்தி, சொன்ன நேரத்துக்குக் குடுத்துட்டாங்க. இனிமே சாயங்காலம் வரைக்கும் போவாதுன்னு கணக்குப் போட்டுத்தான் காலி சிலிண்டரை என் வேன்ல ஏத்திக்கினு விழுப்புரத்துக்கு மாத்தப் போனேன். எப்பவும் அப்படித்தான் செய்யறது. மாத்தின சிலிண்டரை வேன்ல ஏத்தற நேரத்துல போன் வந்துச்சு. "தம்பி, கரண்டு போயிடுச்சு. பேட்டரி பாதிதான் ஏறியிருக்குது. கொஞ்சம் ஜல்தியா வா"ன்னாங்க அக்கா. தெருமுனை டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் வெடிச்சுப் போச்சாம். யாரும் சொல்லிட்டு நிறுத்தல, அதுவா நின்னுச்சு. ஆம்புலன்சுக்கு சொல்லியாச்சு, பைபாஸ்ல விபத்து, வண்டி அங்க போயிருக்குதாம். அவங்க இருந்தது திண்டிவனத்துக்கு வெளிய, கொல்லைமேட்டுக்கு நடுவுல ஒரே ஒரு தெரு. ஜெனரேட்டர் வெச்சிருக்கற அளவுக்கு அங்க யாருக்கு வசதி?

நான் எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது. பாதி வழியில போன் பண்ணினா எடுக்கல. மறுபடி பண்ணினேன், எடுக்கல. வழியெல்லாம் அந்த வெயிலத்தான் திட்டிக்கினு வந்தேன். கூரையில ஏழெட்டு பேனல் வெச்சிருக்கேன், தார் உருகற வெயில் அடிக்குது, ஒரு மெஷினை ஓட்ட நாதியில்ல.

தெருவுக்குள்ள திரும்பினா ஒரு சத்தமும் இல்ல. அழுகை இல்ல, கூச்சல் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. எழவு விழுந்த வீடா இருந்தா இந்நேரம் ஊரே கேட்டிருக்கும். வீட்டு வாசல்ல பொம்பளைங்க கூட்டமா நின்னாங்க, முந்தானைய வாயில வெச்சு அழுத்திக்கினு. வெயிலுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அக்கா அங்க இல்ல. தெருமுனையில டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்குக் கீழ நின்னுக்கினு இருந்தாங்க. மேல ஒரு சின்ன வயசு லைன்மேன் முதுகைக் காட்டிக்கினு வேலை செஞ்சுக்கினு இருந்தான். இந்த நேரத்துலயும் இங்க வந்து நிக்கறாங்களேன்னு எனக்கு அப்பவும் கோவம்தான் வந்துச்சு. சிலிண்டரைத் தோள்ல தூக்கிக்கினு ஓடினேன்.

"அக்கா, கொண்டாந்துட்டேன்."

"மெதுவாப் பேசு. மேல ஆள் கீது."

அவங்க கண்ணு மேலயேதான் இருந்துச்சு. பையன் எப்படி இருக்கான்னு கேட்டேன்.

"போயிட்டான். யாரையும் அழுவ வேணாம்னு சொல்லியிருக்கேன். சத்தம் கேட்டா இவன் பதறுவான், கை தவறும். இறங்கட்டும்."

அந்தக் கைப்பிடி, அந்தக் கைப்பிடின்னு மனசுக்குள்ள அடிச்சுக்கறேன். அவங்களே சொன்னாங்க, சத்தம் வெளிய வராம.

"அவனுக்கு மூச்சு முட்டும்போது எழுந்து ஓடினேன் தம்பி. நீ கழட்டின இடத்துல போயி சுவத்தைத் தடவறேன். இருந்திருந்தா ஸ்விட்சைப் போட்டிருப்பேன். கைப்பிடியத் திருப்பியிருக்க மாட்டேன். எனக்குத் தோணவே இல்ல. இந்தப் புள்ள அப்ப மேலதான் இருந்தான்."

நானும் பக்கத்துல நின்னேன். தோள்ல சிலிண்டர் கனக்குது, இறக்கி வெச்சா டங்குனு சத்தம் வரும்னு வெக்கல. வாசல்ல இருந்த பொம்பளைங்க எங்களையே பாத்துக்கினு நின்னாங்க. மேல இருந்தவன் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கினே ஒயரை முறுக்கினான். முடிச்சான். ஒவ்வொரு கம்பியா மிதிச்சு இறங்கினான். தரையில கால் வெச்சதும் அடியில இருந்த நெம்புகோலைத் தூக்கி விட்டான். தெருவுல யார் வீட்டுலயோ டிவி பாடிச்சு. அக்கா வீட்டுக்குள்ள இருந்து அந்த மெஷின் ஓடற சத்தம் வந்துச்சு. யாரும் அதை நிறுத்தியிருக்கல.

லைன்மேன் செருப்பை மாட்டிக்கினே, கரண்டு வந்துடுச்சு, வீட்டுக்குப் போங்கம்மான்னான்.

"இறங்கிட்டியாப்பா"ன்னாங்க அக்கா.

"இறங்கிட்டேன்மா."

அப்பதான் அவங்க வீட்டுப் பக்கம் திரும்பினாங்க. ஐயோ எம்புள்ளன்னு அடிவயித்துல இருந்து ஒரு கூவல். தெருவே அதுக்குத்தான் காத்திருந்துச்சு, எல்லா வாசல்லயும் அழுகை வெடிச்சது. அந்த லைன்மேன் பையன் இன்னா ஆச்சுண்ணேன்னு என் கையப் புடிச்சான். நான் சிலிண்டரைக் கீழ வெச்சேன்.